சிறுதொழில் ஆராய்ச்சிக்கு அரசு நல்கை: ஓர் ஆற்றுப்படை

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் தொழில் ஆராய்ச்சிக்கு அரசு வழங்கும் பொருளுதவியைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று வருபவன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறியவனுக்கு இன்ன வழியே சென்றால் இன்ன வள்ளலைக் காணலாம் என்று உரைப்பதே அவ்வகையின் அமைப்பு. செல்வம் இருக்குமிடம் ஒன்று, தேவை இருக்குமிடம் மற்றொன்று. இடையிலுள்ள வழியை அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்லுதல் கடமை என்று கருதிய மரபு நம்முடையது. அந்த மரபில் நின்று எழுதப்படுவதே இக்கட்டுரை.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றையும் கூறிவிடுகிறோம். நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தமையனார், தோல் பதனிடும் ஊர் ஒன்றில் தந்தையாருடன் சிறு தொழிற்கூடம் நடத்தி வந்தார். குரோமிய உப்பின் அளவைக் குறைத்து, நம் முன்னோர் பயன்படுத்திய ஆவாரம்பட்டைச் சாற்றை வேறொரு முறையில் சேர்த்தால் கழிவுநீரின் கேடு குறையுமா என்று சோதித்துப் பார்க்க அவர் விரும்பினார். வங்கி ஒன்றை அணுகினார். “இயந்திரம் வாங்குவதாயின் விலைப்புள்ளி கொண்டு வாருங்கள், கடன் தருகிறோம், சோதனைக்குக் கடன் கிடையாது” என்பது அவருக்குக் கிடைத்த விடை. கைப்பொருளைக் கொண்டு மூன்று முறை முயன்றார். இரண்டு முறை தோல்கள் கெட்டன. மூன்றாம் முறை ஓரளவு தேறியது. ஆயினும் அதற்குள் தந்தையார் போதும் என்று நிறுத்திவிட்டார். இன்று அவர் பிறர் பதனிட்ட தோலை வாங்கி விற்கும் தரகு வேலை பார்க்கிறார்.

அவருடைய கருத்து சரியா, தவறா என்பது நமக்குத் தெரியாது. அது தெரியாமலேயே போய்விட்டது என்பதுதான் நம் வருத்தம். புதியதொன்றைத் தேடும்போது நேரும் முதல் இழப்பை யார் ஏற்பது? இவ்வினாவுக்கு நாடு ஒன்று கண்ட விடையையும், அவ்விடையின் நிறைகுறைகளையும், நமக்கு அதனால் விளையும் பயனையும் ஈண்டு ஆராய்வோம்.

கடன், பங்கு, நல்கை

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வது நலம். தொழில் செய்வோனுக்குப் பிறர் பொருள் வந்து சேரும் வழிகள் மூன்று.

ஒன்று கடன். தொழில் வென்றாலும் தோற்றாலும் கடனைத் திருப்பித் தரவேண்டும். இழப்பு முழுவதும் கடன் பெற்றவன் தலைமேல் விழுகிறது. வட்டியும் சேருமாயின் சுமை இரட்டிக்கிறது. வட்டியை இஸ்லாம் விலக்கியதன் காரணங்களுள் இந்த நேர்மையின்மையும் ஒன்று என அறிஞர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இரண்டாவது பங்கு. இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் முளாரபா என்று வழங்கும் ஒப்பந்தம் இவ்வகையைச் சார்ந்தது. ஒருவர் முதல் இடுகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபத்தை முன்னரே பேசிய விகிதப்படி பகிர்கின்றனர். உழைப்பவரின் கவனக்குறைவோ மோசடியோ இன்றி இழப்பு நேருமானால், பொருளிழப்பு முதலிட்டவரைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன்னர் கதீஜா (ரலி) அவர்களின் பொருளைக் கொண்டு ஷாம் நாட்டுக்கு வணிகம் செய்யச் சென்ற வரலாற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். இம்முறை நேர்மையானது. எனினும் இலாபம் வருமென்ற நம்பிக்கை ஓரளவேனும் இருந்தால்தான் முதலிடுவோர் முன்வருவர். பொருள் உருவாகுமா என்பதே ஐயமாக இருக்கும் ஆராய்ச்சி நிலையில் அத்தகையோரைக் காண்பது அரிது.

மூன்றாவது நல்கை. திருப்பித் தரவேண்டியதில்லை, தொழிலில் பங்கும் கேட்பதில்லை. ஆனால் எதற்காகப் பெற்றோமோ அதைச் செய்து கணக்கும் அறிக்கையும் காட்டவேண்டும். தேடலின் முதல் இழப்பைச் சமுதாயம் முழுவதும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. மக்கள் வரிப்பணம் என்பதனால் இதை அரசுதான் பெருமளவில் செய்ய இயலும்.

அமெரிக்கத் திட்டத்தின் தோற்றம்

மேற்கூறிய மூன்றாம் வழியைச் சிறுதொழில்களுக்கென்றே சட்டமாக வகுத்த நாடு அமெரிக்கா. அத்திட்டம் ‘எஸ்.பி.ஐ.ஆர்.’ என்னும் எழுத்துக்களால் குறிக்கப்படுவது. சிறுதொழில் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம் எனத் தமிழில் கூறலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க அரசு ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை செலவிட்டது. அத்தொகையில் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றது. சிறுதொழில்களுக்குக் கிடைத்தது மிகச் சிறுபங்கே. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பணியாற்றிய ரோலண்டு திபெட்ஸ் என்பவர் இக்குறையைத் தீர்க்க ஒரு முறையை வகுத்தார். 1977-இல் அவ்வறக்கட்டளையில் சிறிய அளவில் அது தொடங்கப்பட்டது. 1980-இல் வெள்ளை மாளிகை கூட்டிய சிறுதொழில் மாநாடு இதனை நாடு முழுவதற்கும் விரிவாக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1982 ஜூலை 22 அன்று குடியரசுத் தலைவர் ரீகன் கையொப்பமிட, சிறுதொழில் புத்தாக்க மேம்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வமயம் பல்கலைக்கழகங்கள் பல, தமக்கு வரும் ஆராய்ச்சிப் பணம் குறையுமென்று அஞ்சி இதனை எதிர்த்தன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இச்சட்டத்தின் உயிர்நாடி ஓர் எளிய விதி. தன் அலுவலகத்திற்கு வெளியே உள்ளோர்க்கு ஆண்டுதோறும் 10 கோடி டாலருக்கு மேல் ஆராய்ச்சிப் பணம் வழங்கும் ஒவ்வோர் அரசுத்துறையும், அதில் குறிப்பிட்ட ஒரு விழுக்காட்டைச் சிறுதொழில்களுக்கென ஒதுக்கியே தீரவேண்டும். முதலாண்டில் 0.2 விழுக்காடாகத் தொடங்கிய இவ்வொதுக்கீடு படிப்படியாக 1.25 ஆயிற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2.5 ஆகவும், 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2017-க்குள் 3.2 ஆகவும் உயர்ந்தது. பாதுகாப்பு, நலவாழ்வு, எரிசக்தி, விண்வெளி, வேளாண்மை முதலிய பதினொரு துறைகள் இதில் பங்குகொண்டன. 1992-இல் பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேரும் சிறுதொழில்களுக்கென உடன்பிறப்பாக மற்றொரு திட்டமும் பிறந்தது. இரண்டும் சேர்ந்து அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 400 கோடி டாலருக்கு மேல் வழங்கியுள்ளன.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. சிறுதொழில்களுக்கென்று புதிதாக நிதி எதுவும் திரட்டப்படவில்லை. ஏற்கெனவே செலவாகும் பணத்தில் ஒரு பகுதிக்கு வாயில் திறக்கப்பட்டது, அவ்வளவே.

மூன்று கட்டங்கள்

திபெட்ஸ் வகுத்த முறையின் சிறப்பு, பணத்தை ஒரே தவணையில் கொடாது கட்டங்களாகப் பகுத்தமை.

முதற்கட்டத்தில் கருத்து நிறைவேறக்கூடியதா என்று சோதிக்கச் சிறுதொகை வழங்கப்படும். காலம் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. தொடக்க காலத்தில் இத்தொகை 50,000 டாலர் அளவினதாக இருந்தது. 1992-க்குப் பின் 1,00,000 ஆகவும், 2010-இல் 1,50,000 ஆகவும் உயர்ந்து, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப மேலும் கூட்டப்பட்டது.

முதற்கட்டத்தில் தேறியோர் இரண்டாம் கட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். இங்கு ஏறத்தாழ இரண்டாண்டுக் காலமும் பல மடங்கு பெருந்தொகையும் கிடைக்கும். மாதிரிப் பொருளை உருவாக்கிச் சோதிப்பது இக்கட்டத்தின் பணி.

மூன்றாம் கட்டம் சந்தைக்குச் செல்வது. இதற்கு இத்திட்டத்தின் பணம் கிடையாது. தனியார் முதலீட்டையோ, அப்பொருளை வாங்க விரும்பும் அரசுத்துறையின் வேறு நிதியையோ தொழில்முனைவோர் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பிக்கும் நிறுவனம் இலாப நோக்குடையதாகவும், 500 பேருக்கு மிகாத பணியாளரைக் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். ஆய்வின் தலைவர் அந்நிறுவனத்திலேயே முதன்மையாகப் பணியாற்றுபவராக இருத்தல் வேண்டும். கண்டுபிடிப்பின் உரிமை 1980-ஆம் ஆண்டின் பே–டோல் சட்டப்படி அந்நிறுவனத்திடமே தங்கும். அரசு தன் பயன்பாட்டுக்கு மட்டும் உரிமம் வைத்துக்கொள்ளும்.

பலருக்குச் சிறுதொகை கொடுத்துப் பார்ப்பது, அவருள் தேறியவர்க்குப் பெருந்தொகை கொடுப்பது, பின்னர் கையை விட்டு நடக்கச் செய்வது என்னும் இம்முறையில், தோல்வி முதற்கட்டத்திலேயே சிறு செலவோடு வெளிப்பட்டு விடுகிறது. அத்தோல்வியும் அறிக்கையாகப் பதிவாகிறது.

நம் மரபில் ஓர் ஒப்புமை

புலவரைப் புரந்த வள்ளல்கள் நம்மிடையே மிகப் பலர். பாடி முடித்த பாட்டுக்குப் பரிசில் வழங்கல் பெரும்பான்மை. ஆயினும் எழுதத் தொடங்காத நூலுக்குப் பொருள் வழங்கிய வள்ளலையும் நம் வரலாறு அறியும். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குத் தூண்டுகோலாக இருந்து புரந்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்பது வழிவழியாக வரும் செய்தி. அப்போது காப்பியம் இல்லை. கருத்து மட்டுமே இருந்தது. அது முற்றுப்பெறுமா, கற்றோர் ஏற்பரா என்பதற்கு உறுதி ஏதுமில்லை. நூல் நிறைவெய்தும் முன்னரே வள்ளல் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் முன்வந்து ஆதரித்தமையால் பணி தொடர்ந்து அரங்கேறியது. பின்னாளில் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா பாடி வரலாற்றை நிறைவு செய்தார்.

முதலில் ஒருவர், தொடர ஒருவர், பின்னர் தன் ஆற்றலால் முடித்தவர் ஒருவர் என்னும் இவ்வரிசையை நோக்கும்போது, கட்டங்களாகப் புரத்தல் என்பது நமக்கு முற்றிலும் புதியதன்று என்பது விளங்கும். வேறுபாடு ஒன்று உண்டு. சீதக்காதி இல்லாதிருப்பின் உமறுவுக்கு யார் என்ற வினாவுக்கு அக்காலத்தில் விடை இல்லை. தனி மனிதரின் ஈகையைச் சட்டத்தின் ஒழுங்காக மாற்றும்போது அவ்வினாவுக்கு விடை பிறக்கிறது.

விளைந்த பயன்

இத்திட்டத்தின் பயனைக் காட்டப் பெரிதாக வளர்ந்த சில நிறுவனங்களை எடுத்துக்காட்டுவர். 1985-இல் சிலர் கூடித் தொடங்கிய குவால்காம், தன் தொடக்க நாள்களில் இந்நல்கையைப் பெற்றது. இன்று கைப்பேசித் தொழில்நுட்பத்தில் உலகறிந்த நிறுவனம். கணினிப் பாதுகாப்பு மென்பொருளால் புகழ்பெற்ற சைமான்டெக், வீட்டைப் பெருக்கும் எந்திரனை உருவாக்கிய ஐரோபாட் ஆகியனவும் இப்பட்டியலில் உள்ளன. வென்றவரை மட்டும் எண்ணி ஒரு திட்டத்தை அளப்பது முறையாகாது. ஆகவே ஆய்வாளர் கண்ட முடிவுகளை நோக்குவோம்.

ஜாஷ் லெர்னர் என்னும் பொருளியலறிஞர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், நல்கை பெற்ற நிறுவனங்களையும் அவற்றை ஒத்த ஆனால் நல்கை பெறாத நிறுவனங்களையும் பத்தாண்டுக் கால அளவில் ஒப்பிட்டார். பெற்றவை விரைந்து வளர்ந்திருந்தன. ஆயினும் அவ்வளர்ச்சி, துணிகர முதலீடு ஏற்கெனவே மிகுந்திருந்த வட்டாரங்களில் அமைந்த நிறுவனங்களுக்கே வாய்த்தது. பல நல்கைகளைப் பெற்றவை, ஒன்று பெற்றவற்றைவிட மிகுதியாக வளரவுமில்லை.

சப்ரினா ஹோவெல் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. எரிசக்தித் துறைக்கு வந்த விண்ணப்பங்களுக்கு அத்துறை தரவரிசை இட்டிருந்தது. வெற்றிக் கோட்டுக்குச் சற்று மேலே நின்றவரும் சற்றுக் கீழே நின்றவரும் தகுதியில் ஏறத்தாழ ஒத்தவர். எனவே அவரிடையே பின்னர் எழும் வேறுபாடு நல்கையால் விளைந்ததே என அவர் கொண்டார். முதற்கட்ட நல்கை, பின்னர் துணிகர முதலீடு பெறும் வாய்ப்பை 10 விழுக்காட்டிலிருந்து 19 விழுக்காடாக உயர்த்தியது. காப்புரிமையும் வருவாயும் பெருகின. இளம் நிறுவனங்களுக்கும் பணமுடை மிக்கவற்றுக்கும் பயன் கூடுதலாக இருந்தது. இரண்டாம் கட்டத்தின் பெருந்தொகை அதற்கேற்ற விளைவைத் தரவில்லை. மாதிரி ஒன்றைச் செய்து பார்க்க வாய்ப்பளித்ததே முதற்கட்டத்தின் வெற்றிக்குக் காரணம் என்பது அவர் கருத்து.

சிறுதொகை, முதல் நிலையில், பணமில்லாதவனுக்குக் கிடைக்கும்போது பெரும்பயன் விளைகிறது என்பதே இவ்வாய்விலிருந்து நாம் பெறும் பாடம். மேலே கூறிய தோல் பதனிடும் இளைஞருக்குத் தேவைப்பட்டதும் அத்தகையதொரு தொகைதான்.

குறைகள்

குறைகளையும் மறைக்காமல் கூறுவதே ஆய்வு நெறி. நல்கை எழுதிப் பெறுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் சில தோன்றின. அவை ஆண்டுதோறும் பல நல்கைகளைப் பெற்றன; சந்தைக்கு ஒன்றையும் கொண்டுவரவில்லை. ‘நல்கை ஆலைகள்’ என்னும் பொருள்படும் இகழ்ச்சிப் பெயர் அவற்றுக்கு ஏற்பட்டது. இதனைத் தடுக்கவே 2011-ஆம் ஆண்டுச் சட்டம், அடிக்கடி பெறுவோர் பொருளைச் சந்தைப்படுத்தியமைக்குச் சான்று காட்டவேண்டும் என்று விதித்தது.

ஸ்காட் வால்ஸ்டன் 2000-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு குறையைச் சுட்டியது. சில நிறுவனங்கள் தம் பணத்தால் எப்படியும் செய்திருக்கக்கூடிய ஆராய்ச்சியையே அரசுப் பணத்தால் செய்தன என்பது அவர் முடிவு. அவ்வாறாயின் நாட்டில் ஆராய்ச்சி கூடவில்லை. செலவு கைமாறியது மட்டுமே.

இத்திட்டம் நிலையான சட்டமாக இல்லாமல் கால எல்லை குறித்து நீட்டிக்கப்பட்டு வந்தமையும் ஒரு குறையே. 2008 முதல் 2011 வரை குறுகிய நீட்டிப்புகள் பலவற்றால் அது உயிர் பிழைத்தது. 2022-இல் அளிக்கப்பட்ட மூன்றாண்டு நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30 அன்று முடிவுற்றது. ஆராய்ச்சிக்கு நீண்ட காலம் வேண்டும். அரசியலுக்கோ அடுத்த தேர்தல் வேண்டும். இவ்விரண்டின் முரண்பாடு எந்நாட்டுக்கும் பொது.

இந்திய நாட்டில்

இம்முறையைப் பிற நாடுகளும் பின்பற்றின. தென்கொரியா 1998-இலும் சப்பான் 1999-இலும் இதனையொத்த திட்டங்களைத் தொடங்கின. நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத்துறை 2005-இல் ஏறத்தாழ இதே பெயரில் ‘எஸ்.பி.ஐ.ஆர்.ஐ.’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. முதற்கட்டத்திற்கு நல்கையும் இரண்டாம் கட்டத்திற்குக் குறைந்த வட்டிக் கடனும் என்பது அதன் தொடக்க அமைப்பு. 2012-இல் அமைந்த பைராக் என்னும் அரசு நிறுவனத்தின் பொறுப்பில் அது வந்தது. அந்நிறுவனம் ‘பிக்’ என்னும் பெயரில், கருத்து நிலையிலுள்ள முயற்சிகளுக்கு 18 மாத காலத்திற்கு 50 இலட்சம் ரூபாய் வரை நல்கை வழங்கும் திட்டத்தையும் வகுத்தது.

இதற்கு முன்னரே, 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1996-இல் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அயல்நாட்டுத் தொழில்நுட்பத்தை வாங்குவோர் செலுத்திய தீர்வையிலிருந்து அதற்கு நிதி கிடைத்தது. அத்தீர்வை 2017-இல் நீக்கப்பட்டது. இவ்வாரியத்தின் உதவி பெரும்பாலும் திட்டச் செலவில் பாதிவரை 5 விழுக்காடு தனிவட்டிக் கடனாக அமைந்தது.

பின்னர் வந்தவற்றுள், மாதிரிப் பொருள் செய்வோர்க்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை உதவும் நிதி–பிரயாஸ், 2021-இல் தொடங்கிய தொடக்கநிலை நிறுவன விதை நிதி, குறு சிறு நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022-இல் தொடங்கிய புத்தாக்கத் திட்டம் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. கடைசியாகச் சொன்னதில் ஒரு கருத்துக்குப் பதினைந்து இலட்சம் ரூபாய் வரை வழங்க வகை செய்யப்பட்டது. ஏற்பு பெற்ற கல்லூரிகள் ஊக்குவிப்பு நிலையங்களாக இருந்து விண்ணப்பங்களை அனுப்பலாம் என்பது நம் போன்ற கல்லூரிகள் கருதத்தக்கது. தமிழ்நாடு அரசும் ‘டான்சீட்’ என்னும் திட்டத்தின்வழி இளம் நிறுவனங்களுக்கு விதைநிதி வழங்கியுள்ளது.

அமெரிக்க முறையோடு ஒப்பிடுகையில் இரு வேறுபாடுகள் தோன்றுகின்றன. இங்கே எல்லா அரசுத்துறைகளையும் கட்டுப்படுத்தும் விழுக்காட்டு விதி இல்லை. துறைதோறும் தனித்தனித் திட்டங்களாகச் சிதறிக் கிடப்பதால் எளியோர்க்கு வழி தெரிவதில்லை. அடுத்து, நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவதே குறைவு. 2020–21-இல் அது உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காடே. சிறிய குளத்திலிருந்து பெரிய வாய்க்கால் வெட்ட இயலாதன்றோ!

தோல் பதனிடும் ஊர்கள் தரும் பாடம்

நம் சமுதாயத்தோடு நெருங்கிய தொழில் ஒன்றைக் கொண்டு இதனைக் காண்போம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. முன்பு ஆவாரம்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்டனர். பின்னர் விரைவும் மென்மையும் கருதிக் குரோமிய முறை பரவியது. தொட்டியில் இட்ட குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. எஞ்சியது கழிவுநீரோடு வெளியேறும். பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரும் வேளாண்மையும் கெட்டன. வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது.

தீர்ப்பு நீதியானது. ஆயினும், மாசு குறைந்த முறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆற்றல் நூறு தோல் பதனிடும் சிறு கூடத்துக்கு உண்டா? பெரிய கூடம் வல்லுநரை அமர்த்திக்கொள்ளும். சிறியது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையும், சென்னை அடையாற்றில் 1948-இல் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் நம்பியிருக்கும். அந்நிறுவனம் நீரின்றிக் குரோமியப் பதனிடும் முறை முதலாகப் பல முறைகளை வகுத்துத் தொழிலுக்கு அளித்துள்ளமை பாராட்டத்தக்கது.

எனினும் ஆராய்ச்சிக்கூடத்தில் வகுத்த முறை ஒவ்வொரு கூடத்தின் தண்ணீருக்கும் தோலுக்கும் தானே பொருந்திவிடாது. தன் தொட்டியில் தானே சோதித்துப் பார்த்தவனுக்கே அதன் நுணுக்கம் விளங்கும். அந்தச் சோதனைக்குரிய செலவே முதற்கட்ட நல்கையின் இலக்கு. விதிமீறலுக்குத் தண்டம் வாங்கும் அரசு, விதிக்குள் நிற்க வழிதேடுவோர்க்குக் கைகொடுக்கவும் வேண்டும் என்பது நம் கருத்து.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

நல்கை கோரும் கருத்துரு எழுதுவது ஓர் உரைநடைப் பயிற்சியே. அதில் மதிப்பிடுவோர் எதிர்நோக்கும் வினாக்கள் சில: இதுவரை அறியப்படாதது எது? அதனை அறிய நீ செய்யப்போகும் சோதனை யாது? அச்சோதனை வென்றது அல்லது தோற்றது என்பதை எந்த அளவுகோலால் அறிவாய்? வென்றால் அப்பொருளை விலை கொடுத்து வாங்குபவர் யார்? இவற்றுக்குச் சுருக்கமாகவும் பொய்யின்றியும் விடை எழுதத் தெரிந்தவன் பாதி வழி கடந்தவன். ‘உலகிலேயே முதன்முறையாக’ என்பது போன்ற அடைமொழிகள் இங்கு எடுபடா. அளவும் தேதியும் எடுபடும்.

மேலே சொன்ன இளைஞரை அண்மையில் சந்தித்தபோது, மூன்று முறையும் எவ்வளவு பட்டைச்சாறு, எவ்வளவு உப்பு, எத்தனை நாள் ஊறல் என்று வினவினோம். எதையும் எழுதி வைக்கவில்லை என்றார். கெட்ட தோலுக்கு ஆன செலவைவிட இதுவே பேரிழப்பு என்று நமக்குத் தோன்றியது. எழுதி வைத்திருந்தால் அவருடைய தோல்வி மற்றொருவருக்குத் தொடக்கமாக அமைந்திருக்கும்; அவரே மீண்டும் ஒரு நல்கைக் குழுவின் முன் நிற்கும்போது சான்றாகவும் இருந்திருக்கும். எனவே தொழிற்குடும்பத்து மாணவர்களுக்கு நாம் கூறுவது: இன்றே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். கூடத்திலோ கடையிலோ தந்தையார் செய்து பார்க்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், அளவு, விளைவு என்று தமிழிலேயே எழுதுங்கள். விண்ணப்பப் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மொழிபெயர்த்துத் தரும் பணியைத் துறைகள் கூடிச் செய்யலாம். வேதியியல் துறையும் வணிகவியல் துறையும் தமிழ்த்துறையும் ஒரு மேசையில் அமர்ந்தால் அது இயலாததன்று.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்கும் கல்லூரிக்கும் வாரி வழங்கிய கைகள் உங்களுடையவை. படிப்புக்கு உதவுவது போலவே, படித்து முடித்தவன் ஒரு சோதனை செய்து பார்க்கவும் உதவுங்கள். வட்டியில்லாக் கடனாகிய கர்ளு ஹஸனாவைவிட இங்கு நல்கையே ஏற்றது. தோற்கக்கூடிய முயற்சிக்குக் கடன் சுமையாகவே முடியும். அரசின் நல்கையைப் பெறுமளவுக்கு ஒரு கருத்தைத் தேற்ற, ஆண்டுக்கு ஓரிருவருக்குச் சிறுதொகை போதும்.

முடிவுரை

முதல் இழப்பை யார் ஏற்பது என்று தொடங்கினோம். அதனைத் தனியொருவன் மேல் சுமத்தினால் தேடல் நின்றுவிடும் என்பதும், பொதுவில் பகிர்ந்துகொண்டால் தேடல் தொடரும் என்பதும், சிறுதொகையை முதல் நிலையிலேயே வழங்குவது பெரும்பயன் தரும் என்பதும், ஊரும் தொடர்பும் இல்லாதவர்க்கு நல்கை மட்டும் போதாது, வழிகாட்டலும் வேண்டும் என்பதும் இவ்வாய்வால் பெறப்பட்டன.

திட்டங்கள் மாறும், தொகைகள் மாறும், பெயர்களும் மாறும். விண்ணப்பிக்குமுன் அன்றைய விதிகளை உரிய அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். இம்மலரைப் படிக்கும் மாணவருள் ஒருவரேனும் அவ்வழியே சென்று நல்கை பெற்று வருவாராயின், அவர் மீண்டும் இக்கல்லூரிக்கு வந்து, அடுத்து வரும் மாணவர்க்கு வழி கூறவேண்டும் என்பதே நம் விழைவு. ஆற்றுப்படையின் இலக்கணமும் அதுவே. இன்ஷா அல்லாஹ், அந்நாள் தொலைவில் இல்லை.